கழிக்க ஆளில்லாத ஓட்டு

வெஸ்லி க்ரீக், இந்தியானா
அக்டோபர் 7, 2008

அன்பு மகள் ரோண்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, படுத்தால் ஏதோ கொஞ்சம் தூங்கி, கையும் காலும் சொன்னபடி கேட்கிற அளவுக்குச் சுகமாக இருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளை ஐவிண்டும் குட்டி சிக்னேயும் அந்த ஓயாத மழையில் சளி இருமல் எதுவும் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும், இது நான் தினமும் காபி போடும்போது கேட்டுக்கொள்கிற வேண்டுதல். ஞாயிற்றுக்கிழமை போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் இருந்தேன், ஆனால் சிக்னே போனைப் பிடுங்கிக்கொண்டு அவள் பாஷையில் என்னவோ ஒரு நீண்ட கதை சொன்னாள் பார், ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் சிரிப்பு மட்டும் அப்படியே உன் அப்பாவுடையது, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அதனால்தான் கடிதம், கடிதத்தில் அழுகை வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நீ நார்வே குடியுரிமைக்கு எழுதிப் போடப் போகிறேன், அதற்கு நம் நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம், வெறும் காகிதம்தானே அம்மா என்று சொன்னாயே, அதைப் பற்றியும் எழுத வேண்டும். அன்றைக்கு நான் சரி சரி என்றுதான் சொன்னேன். சரியாக இல்லை. அதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் ஊர்ச் செய்தி.

ஊரில் நல்ல செய்தி என்று சொல்ல ஒன்றும் இல்லை. உன் அப்பா இருபத்தெட்டு வருஷம் அலமாரி செய்து பொருத்திக் கொடுத்தாரே, அந்த வண்டி வீடு செய்கிற தொழிற்சாலையை ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். பெட்ரோல் விலை ஏறினதும் வண்டி வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் யாரும் வாங்குவதில்லை, வாங்க நினைக்கிறவர்களுக்கும் பேங்கில் கடன் கிடைப்பதில்லை, அவ்வளவுதான் கதை. டெல்மர் சித்தப்பா காலையில் வழக்கம் போலச் சாப்பாட்டு டப்பாவோடு போயிருக்கிறார், கேட்டில் பூட்டு, வெளியே ஒரு மேஜை போட்டு ஆளுக்கொரு அட்டைப்பெட்டியில் அவரவர் கருவிகளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த டப்பாவை அவர் அன்றைக்கு இங்கே கொண்டுவந்து என் சமையலறை மேஜையில்தான் பிரித்துச் சாப்பிட்டார். அதிலிருந்து வாரத்தில் பாதி நாள் இங்கேதான் சாப்பாடு. நானும் மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழி நூடுல்ஸை ஊற்றி இரண்டு பேருக்குச் சமைக்கிறேன், ஒருவருக்குச் சமைப்பதை விட அது சுலபமாக இருக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் என் வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை, பிள்ளைகள் முன்னைவிட அதிகமாகத்தான் சாப்பிடுகிறார்கள், அதிலும் திங்கட்கிழமை வந்துவிட்டால் தட்டை வழித்துவிட்டு மறுபடி வரிசையில் வந்து நிற்கிறார்கள், சனி ஞாயிறு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் கேட்பதில்லை, கரண்டியை ஆழமாக விட்டு எடுக்கிறேன். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் இப்போதெல்லாம் அப்பாக்கள் நிற்கிறார்கள் ரோண்டா. முன்பெல்லாம் அந்த நேரத்தில் ஒரு ஆம்பிளை முகம் பார்க்க முடியாது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம், அப்பா வந்திருக்கிறார் என்று ஓடுகிறார்கள். அப்பாக்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நியூயார்க்கில் பெரிய பேங்குகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்ததும், அவற்றைத் தூக்கி நிறுத்த அரசாங்கம் கோடி கோடியாகக் கொடுப்பதும் அங்கே உன் டிவியிலும் வந்திருக்கும். டெல்மர் அதைப் பார்த்துவிட்டு, "அவன் கவுந்தா தூக்கி உக்கார வெச்சு விசிறி விடறாங்க, நான் கவுந்தா ஒரு அட்டைப்பெட்டி, அதையும் நானே தூக்கிட்டுப் போகணும்" என்று ரிமோட்டை சோபாவில் விட்டெறிந்தார். சடக்கென்று அது சோபா இடுக்குக்குள் போய்விட்டது, அப்புறம் இரண்டு பேரும் முட்டி போட்டுத் தேடினோம். அவருக்கு இந்தத் தடவை ஓட்டே வேண்டாமாம். "யானைக் கட்சி வந்தாலும் கழுதைக் கட்சி வந்தாலும் கேட்டுல தொங்கற பூட்டு பூட்டுதான் அண்ணி, என்னை விட்டுருங்க" என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. என் கட்சி ஆள் ஜெயித்து வந்து ஜனவரியில் அந்தப் பூட்டைத் திறந்துவிடுவார் என்று நம்புகிற அளவுக்கு நான் பச்சைக் குழந்தையும் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிற அந்த அப்பாக்களை யாராவது ஒருவர் பார்த்தார் என்று தெரிய வேண்டாமா. சரி, இதற்கு மேல் பேசினால் பிரசாரம் என்பாய். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளி முடிக்காத பெண்ணாக இருந்த காலத்துக்கு அப்புறம் இந்த மாநிலத்தில் என் கட்சிக்காரர் யாரும் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்ததே இல்லை, வாக்களிக்கிற வயது வந்ததிலிருந்து நான் போட்ட ஒவ்வொரு ஓட்டும் தோற்கப் போகிறது என்று தெரிந்தே போட்டதுதான். இந்த வருஷம் இந்தியானாவில் ஒரு நூல் வித்தியாசத்தில்தான் முடிவு இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என் ஓட்டு எதையாவது தள்ளிவிடலாம். அந்த ஒரு தடவை பார்த்து நான் போடலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே தெளிவாகிறது. உன் அப்பா யானைச் சின்னக் கட்சி, நான் கழுதைச் சின்னம். கல்யாணம் ஆன வருஷம் வந்த தேர்தலிலேயே அது தெரிந்துபோயிற்று, என் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் போடுகிற ஓட்டை நான் கழித்துவிடுவேன், நான் போடுவதை அவர் கழித்துவிடுவார், பேசாமல் வீட்டிலேயே இருந்தால் பெட்ரோலாவது மிச்சம் என்று ஊரில் எல்லாரும் கேலி செய்வார்கள். அந்தக் கணக்குப் பார்த்து நாங்கள் ஒரு தடவையும் வீட்டில் இருந்ததில்லை. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் தன் சின்ன பிக்கப் லாரியைக் கிளப்பிக்கொண்டே, "ஏறு ஏறு, உன்னைக் கழிக்க நேரமாச்சு" என்பார். ஓட்டுச்சாவடி இருக்கிற தீயணைப்பு நிலையத்துக்குப் போய், அடுத்தடுத்துத் திரைக்குள் நுழைந்து, ஒருவரை ஒருவர் ஒழித்துக்கட்டிவிட்டு வெளியே வந்து ஆளுக்கொரு டோனட் சாப்பிடுவோம். ஒரு வருஷம் நானே கேட்டேன், மெர்ல், கடைசியில் பூஜ்யம்தானே, எதற்கு இந்தப் பாடு என்று. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "பூஜ்யம்தான், ஆனா வந்து நின்னது ரெண்டு பேரு இல்லையா, பேரு கூப்பிட்டப்ப ரெண்டு பேரும் இருக்கோம்னு சொன்னோமில்ல" என்றார். அதற்கு மேல் அவருக்கு அரசியல் பேச வராது, உனக்குத் தெரியும். ஒப்பந்தம் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் போக முடியாவிட்டால் மற்றவரும் போகக் கூடாது. அவர் கிட்னிக் கல்லோடு புரண்ட வருஷம் நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். எனக்குப் பித்தப்பையை எடுத்தது 2000ஆம் வருஷத் தேர்தலின்போது. நாட்டையே வாரக்கணக்கில் தொங்கலில் விட்ட தேர்தல், அன்றைக்கு அவர் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தார். டெல்மர் வந்து, "அண்ணா, வண்டி வாசல்லயே இருக்கு, ஒரு எட்டு போயி குத்திட்டு வந்துரலாம், அண்ணி தூங்கறாங்க" என்று கூப்பிட்டார். நான் தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். உன் அப்பா சொன்னது காதில் இன்னும் இருக்கிறது. "அவ கழிக்காத ஓட்டை நான் போட்டா அது திருட்டுடா" என்றார்.

இப்போது சொல், அவர் கழிக்க முடியாத ஓட்டை நான் எப்படிப் போடுவது. செத்துப்போனவருக்கு ஒப்பந்தம் ஏது என்று டெல்மர் சொல்கிறார். பாதிரியாரும் கிட்டத்தட்ட அதையேதான் நாசூக்காகச் சொன்னார். அவர்களுக்கென்ன, அவர்கள் யாரும் அந்த லாரியில் உட்கார்ந்தவர்கள் இல்லையே.

மே மாதம் நடந்த கூத்தை உன்னிடம் சொல்லாமலே மறைத்துவிட்டேன், வெட்கமாக இருந்தது. கட்சிக்குள் ஆளைத் தேர்ந்தெடுக்கிற முதல் கட்டத் தேர்தல். எங்கள் ஒப்பந்தம் நவம்பருக்கு மட்டும்தான், மே மாதத்தில் அவரவர் கட்சிக்குள் அவரவர் போடுவது, கழிப்பதற்கு ஒன்றும் கிடையாது, அதனால் நான் போனேன். மற்ற வருஷமெல்லாம் நம் மாநிலத்துக்கு முறை வருவதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டிருக்கும், ஒப்புக்குத்தான் போவோம். இந்த வருஷம்தான் என் கட்சியில் கடைசி வரை இழுபறி, இந்தியானாவை நாடே பார்த்துக்கொண்டிருந்தது, எனக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. மேஜையில் உட்கார்ந்திருந்தது நம் தேவாலயப் பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிற மேவிஸ். மே மாதத்தில் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று வாய் விட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் அல்லவா, எப்போதும் உன் அப்பா முன்னால் நின்று "யானை" என்பார், நான் பின்னால் நின்று "அதுக்கு எதிர்" என்பேன், மேவிஸ் சிரித்துக்கொண்டே இரண்டையும் நீட்டுவாள், வருஷா வருஷம் இதே நாடகம். அன்றைக்கு மேவிஸ் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு முன்னால் யாரும் இல்லை. யாரோ முதலில் சொல்ல வேண்டும் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன், பின்னால் வரிசை வேறு முனக ஆரம்பித்துவிட்டது, என் வாய் திறந்து "யானை" என்றது. மேவிஸ் பேனாவை வைத்துவிட்டு, "ஆர்லீன், நல்லா யோசிச்சுச் சொல்லுடி" என்றாள். நான் ஆமாம், யானைதான் என்றேன், ஊரே பார்க்கும்போது எப்படி மாற்றிச் சொல்வது. அந்தச் சீட்டில் எல்லாம் ஏற்கெனவே முடிவான விஷயம், நான் போட்டாலும் ஒன்றுதான் போடாவிட்டாலும் ஒன்றுதான். வாழ்நாளில் என் கட்சிக்கு என் மே மாத ஓட்டு தேவைப்பட்ட ஒரே வருஷம் அதை உன் அப்பாவின் சீட்டில் போட்டுவிட்டு வந்தேன். லாரியில் ஏறப்போனால், அவர் ஓட்டும்போது நான் எப்போதும் உட்காரும் வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன், ஓட்டுகிற இடம் காலி. அங்கேயே அழுதேன் மகளே. சிரிப்பும் வந்தது. அவர் இருந்திருந்தால் இதை வைத்தே என்னைப் பத்து வருஷம் ஓட்டியிருப்பார்.

செப்டம்பரில் நம் புல்வெளியில் என் ஆளின் பெயர் போட்ட தேர்தல் பலகையை நட்டேன். தபால் பெட்டிக்கு வலது பக்கம், எப்போதும் என் இடம். இடது பக்கம் வெறும் புல். போகும்போதும் வரும்போதும் அந்த வெறும் புல்தான் கண்ணில் படுகிறது, ஒரு வாரம் பொறுத்தேன், அதற்கு மேல் முடியவில்லை. பழைய வீடியோ கடையில் யானைக் கட்சி ஆபீஸ் போட்டிருக்கிறார்கள், அங்கே போனேன். அங்கேயும் மேவிஸ்தான், அவள்தான் அவர்களுக்கு எல்லாம். "என்னடி, மறுபடியும் வழி தவறி வந்துட்டியா" என்றாள். ஒரு பலகை வேண்டும் என்றேன். யாருக்கு என்றாள். மெர்லுக்கு என்றேன். அவள் உள்ளே போய்ப் பலகையும் இரண்டு கம்பியும் எடுத்துவந்தாள், தானே என்னோடு வீடு வரை வந்து, தபால் பெட்டிக்கு இடது பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து நட்டாள். நட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, "உன் ஆளு தோக்கணும்னுதான் நான் ராப்பகலா வேலை செய்யறேன், தெரியுமில்ல" என்றாள். தெரியும் என்றேன். உள்ளே வந்து காபி குடித்துவிட்டுப் போனாள். டெல்மர் இரண்டு பலகையையும் பார்த்துவிட்டு அண்ணிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தன் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம், சொல்லட்டும்.

இன்னொன்று, இதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில். ஆஸ்பத்திரியில் அவரது கடைசி வாரம், நீ விமானத்தில் வந்துகொண்டிருந்தாய். டிவியில் தேர்தல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, நான் ஏதோ வழக்கம் போல யானைக்காரர்களைத் திட்டினேன். அவர் மூக்கில் அந்தக் குழாயோடு சிரித்து, "ஒரு வருஷம் நான் உன்னைக் கழிக்கல ஆர்லீன், உன் ஆளுக்கே போட்டேன்" என்றார். எந்த வருஷம் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கெஞ்சினேன், மிரட்டினேன், ஆஸ்பத்திரியில் கொடுத்த ஜெல்லோ இனிப்பைத் தர மாட்டேன் என்றுகூடச் சொன்னேன், "யோசி, யோசி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். நிஜமா, என்னைச் சீண்டினாரா, தெரியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் ஒவ்வொரு தேர்தலாக எடுத்து யோசிக்கிறேன். எந்த வருஷம் டோனட் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார், எந்த வருஷம் அதிகமாகக் கேலி செய்தார். உன் அப்பாவின் குரல் எனக்கு இப்போது அந்த யோசனைக்குள்தான் கேட்கிறது ரோண்டா. அவர் இல்லாத வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீயும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். போன வாரம் தேர்தல் வேலையைப் பார்க்கிற கவுண்டி அலுவலகத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் விசாரித்தேன். வெளிநாட்டில் எத்தனை வருஷம் இருந்தாலும், குடியுரிமையை விடாதவரை நீ இங்கேதான் வாக்காளர். இந்த நாட்டில் கடைசியாக எந்த வீட்டில் இருந்தாயோ அந்த வீட்டின் பெயரில்தான் உன் ஓட்டு. அதாவது நம் வீடு. இந்தச் சமையலறை, அந்தத் தபால் பெட்டி. சட்டமே அப்படிச் சொல்கிறதாம், அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள், நான்தான் அவளெதிரே மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். விண்ணப்பத்தை நீதான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம், நான் போட முடியாது, அதனால் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். கிடைத்த அன்றே ஃபாக்ஸில் அனுப்பிவிடு, ஐவிண்டின் ஆபீஸில் அந்த மிஷின் இருக்குமே. அவர்கள் ஓட்டுச்சீட்டை உனக்கு அனுப்புவார்கள், போட்டு அதே மிஷினில் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். நார்வேக்காரியாக மாறுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, சிக்னேயின் ஊர் அது, உன் வாழ்க்கை அங்கே, எனக்குப் புரிகிறது, வலிக்கிறது, இரண்டும் உண்டு. நீ காகிதம் என்றாய், காகிதம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை விடுவதற்கு முன்னால் இந்த ஒரு நவம்பர் மட்டும் இந்த வீட்டிலிருந்து இரண்டாவது ஆளாக வா. பேர் கூப்பிடும்போது இரண்டு பேர் இருக்கட்டும். உன் அப்பாவுக்குப் பதிலாக நம் வீட்டு ஓட்டு ஒன்று விழுந்தால்தான் எனக்கு உள்ளே போகக் கால் வரும். தேர்தல் அன்று லாரியில் தீயணைப்பு நிலையத்து வாசலில் நிற்பேன், கவுண்டி அலுவலகத்துக்குப் போன் போட்டு, என் மகளுடைய சீட்டு வந்துவிட்டதா என்று கேட்பேன், அதை மட்டும் சொல்ல அவர்களுக்கு அனுமதி உண்டாம். வந்துவிட்டது என்றால் இறங்கி உள்ளே போவேன். வரவில்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன், நூல் வித்தியாசமோ கயிறு வித்தியாசமோ போகட்டும், உன் மேல் ஒரு குறையும் வைக்க மாட்டேன். சும்மா பயமுறுத்துகிறாள் என்று நினைக்காதே, உன் அப்பா தன் ஓட்டை விட்டுவிட்டு என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர்.

சிக்னேயை மழையில் காதை மூடாமல் வெளியே விடாதே, அவளுக்குக் காது வலி வருவது உன் பரம்பரை. உனக்கு வேலை அதிகம் என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூன்று பேரும் எந்த நாட்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டிருந்தாலும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் சிரிக்கிற மாதிரி நீடூழி இருக்க வேண்டும், என் ஆயுளில் மிச்சம் இருப்பதில் பாதி சிக்னேக்குப் போகட்டும். மறந்துவிடாதே, கடைசியாக வசித்த முகவரி என்ற இடத்தில் நம் வீட்டு முகவரியை எழுத வேண்டும், அங்கே உங்கள் பெர்கன் ஊர் முகவரியை எழுதிவிட்டால் தள்ளிவிடுவார்கள்.

உன் சீட்டுக்காக லாரியில் காத்திருக்கும்,
அம்மா

பின்குறிப்பு: யாருக்குப் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், உன் அப்பாவைப் போல என்னைக் கழித்தாலும் சரி, எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் முதல் தடவையாக என்னோடு சேர்ந்து கூட்டினாலும் சரி. எதைச் செய்தாலும் என்னிடம் மட்டும் சொல்லாதே. நான் கெஞ்சினாலும் சொல்லாதே. பாத்திரம் தேய்க்கும்போது யோசிக்க எனக்கு உன்னுடையதும் ஒன்று வேண்டும்.